எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களுக்கு நுரையீரல் தொற்று அடிக்கடி வருவது ஏன்?

சிடி4 அணுக்கள் (எச்.ஐ.வி. அழிக்கும், நோய் எதிர்ப்புக்கான வெள்ளை அணுக்கள்) ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். காசநோயும், நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியாவும் அந்த எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்தாலும் வரும். புகைபிடித்தால் இன்னும் எளிதாக வரும். 200-க்குக் கீழே இறங்கினால் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை தாக்கும்: வறட்டு இருமல், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் மூச்சிரைப்பு. உட்கார்ந்திருக்கையில் ஆக்சிஜன் அளவு சரியாகத் தெரியலாம், கொஞ்சம் நடந்தால் சரியும். தொடக்கத்தில் எக்ஸ்ரேகூடத் தெளிவாக இருக்கலாம். அதை நம்பிச் சும்மா இருப்பதுதான் பெரிய ஆபத்து. தடுக்க, மருத்துவர் சொல்படி கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை (800/160 மி.கி.) தினம் ஒன்று.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் சளியில் காசநோய்க் கிருமிகள் குறைவாகவே இருக்கும். அதனால் நுண்ணோக்கியில் தப்பிவிடும். சிபிநாட் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஏஆர்டி (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை) தொடங்கிய சில வாரங்களில் இருமல் கூடினால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உடனே ஏஆர்டி மையத்துக்குப் போங்கள்.