குட்டி யானைக்கு வினைல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தண்ணீர் கேன் விநியோகம் செய்து வருகிறேன். என்னிடம் எட்டு வருடப் பழைய வெள்ளை நிறக் குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) ஒன்று இருக்கிறது. பெயின்ட் மங்கிவிட்டது, ஆனால் எங்கும் பெயர்ந்து வரவில்லை. பெயின்டின்மேல் வினைல் படலம் ஒட்டித் தரும் ரேப்பிங் கடையில் கேட்ட தொகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை உள்ளது. உதவிக்குத் தம்பியும் இருக்கிறான். வினைல் ஃபிலிமை வாங்கி வண்டி முழுவதும் நாங்களே ஒட்டிவிட முடியுமா ஐயா?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: ஒட்ட முடியும். ஆனால் 'வண்டி முழுவதும்' என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். பின்பக்கச் சரக்குப் பெட்டியின் தகடுகள் வரிவரியாக மடிக்கப்பட்டவை. கீல், கொக்கி, தாழ்ப்பாள் என்று கைக்கு எட்டும் இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் ஃபிலிமைப் படியவைப்பது தொழில் தெரிந்தவருக்கே சிரமம். அப்படியே படியவைத்தாலும், தினமும் கேன் ஏற்றி இறக்கும் வண்டியில் அது ஒரு மாதத்துக்குள் கிழிபடத் தொடங்கும். கேபினின் இரண்டு கதவுகள், முன்முகம், கதவுக்குப் பின்னால் இருக்கும் மூலைத் தகடுகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேபினின் கூரையையும் விட்டுவிடுங்கள் என்பேன். நேர் வெயில் விழும் கிடைப்பரப்பில் ஃபிலிம் மற்ற இடங்களைவிட வேகமாக வெளிறி வெடிக்கும். தயாரிப்பு நிறுவனங்களே கூரைக்கும் பானெட்டுக்கும் குறைந்த ஆயுளைத்தான் சொல்கின்றன. மேலும், ஏசி இல்லாத கேபினுக்குச் சென்னை வெயிலில் வெள்ளைக் கூரையைவிட நல்ல கூரை வேறில்லை.

ஃபிலிமில் இரண்டு வகை உண்டு. திரவ நிலையில் உள்ள பி.வி.சி. கலவையைத் தாளின்மேல் மெல்லிய படலமாக ஊற்றி, அடுப்பில் சூடேற்றி உருவாக்குவது காஸ்ட் ஃபிலிம். சூடான உருளைகளுக்கு இடையில் பி.வி.சி.யை அழுத்தி இழுத்துத் தகடாக்குவது காலண்டர்டு ஃபிலிம். இழுத்து உருவாக்கப்பட்ட இரண்டாவது வகைக்குள் அந்த இழுவிசை தங்கிவிடுகிறது. வெயிலில் சூடாகும்போதெல்லாம் அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், அதனால்தான் சில மாதங்களில் ஓரங்கள் பின்வாங்கி, பழைய பெயின்ட் கோடாகத் தெரியத் தொடங்குகிறது. சமதளமான பெயர்ப்பலகைக்குக் காலண்டர்டு போதும். வளைவுள்ள கதவுக்குக் காஸ்ட்தான் வாங்க வேண்டும். விலை கூடுதல் என்பது உண்மை. ஒட்டும் பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: மட்டமான ஃபிலிமை வண்டி முழுக்க ஒட்டுவதைவிட நல்ல ஃபிலிமைக் கேபினுக்கு மட்டும் ஒட்டுவது மேல். பசைப்பக்கம் காற்று வெளியேறும் நுண்கால்வாய்கள் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். முதன்முறை ஒட்டுபவரின் பாதிச் சிரமத்தை அந்தக் கால்வாய்களே தீர்த்துவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரிக்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே 'இது காஸ்டா?' என்று கேட்டு, சுருளின் பின்தாளில் அச்சிட்டுள்ள தயாரிப்புப் பெயரையும் படித்துக்கொள்ளுங்கள்.

ரேப்பிங் ஃபிலிமின் வழக்கமான அகலம் 1.52 மீட்டர். கதவின் உயரம் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் வண்டியின் அகலமே ஏறத்தாழ 1.5 மீட்டர் என்பதால் முன்முகத்துக்கு ஃபிலிமைக் குறுக்காக வெட்டினால் மடிக்க ஓரம் மிஞ்சாது. சுருளின் நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு தகட்டையும் அளந்து நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் கூட்டிக் கணக்கிடுங்கள். நான் சொன்ன பகுதிகளுக்குச் சுமார் 5 மீட்டர் வாங்கினால், ஒரு கதவு வீணானாலும் மறுபடி ஒட்ட மிச்சம் இருக்கும். மெட்டாலிக் நிறமாக இருந்தால் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். திசை மாறினால் இரண்டு கதவும் இரண்டு நிறமாகத் தெரியும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். வினைல் குறையை மறைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத படலம் எதையும் மறைக்காது. அடியில் உள்ள ஒவ்வொரு மணலையும் கீறலையும் பளபளப்போடு எடுத்துக்காட்டும். ஆகவே ஒட்டும் வேலைக்கு ஒரு நாள் ஒதுக்கினால், அதற்கு முந்தைய தயாரிப்புக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கதவில் பெயின்டர் தூரிகையால் எழுதிய பெயர் இருந்தால் அந்த எழுத்தின் விளிம்பு ஃபிலிமுக்கு மேல் அப்படியே புடைத்துத் தெரியும். அதை நீர் எமரித் தாளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பழைய ஸ்டிக்கர்கள், அவற்றின் பசை, ஆயுத பூசைக்கு இட்டு இடுக்குகளில் காய்ந்துபோன சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் நீக்குங்கள். கதவுப் பிடி, கண்ணாடித் தண்டு, பீடிங் ரப்பர் போன்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிடுங்கள்; கழற்றாமல் சுற்றி வெட்டிய ஓரம்தான் முதலில் பெயரும். ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாவதற்கு முன்பே இரண்டாவது உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் கரைந்த எண்ணெய்ப்பசை மீண்டும் அதே இடத்தில் படிந்துவிடும். சிலிக்கோன் கலந்த டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் ஆகியவற்றை அந்த வாரம் முழுவதும் வண்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

பெயின்ட் பெயரவில்லை என்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனாலும் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் பசை பெயின்டைப் பிடிக்காது, அந்தத் தூளைத்தான் பிடிக்கும், எனவே பாலிஷ் செய்து தூள் வராத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து, வலுவான டேப் ஒன்றை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் அதோடு சேர்ந்து வந்தால் வினைல் வேலைக்கு அந்த வண்டி தயாராக இல்லை.

காலத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் ஜனவரி, பிப்ரவரி மாதக் காலைப்பொழுதே சென்னைக்கு ஏற்றது. தகடும் காற்றும் ஏறத்தாழ 20 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது ஃபிலிம் சொன்னபடி கேட்கும். சூடு கூடினால் ஃபிலிம் ரப்பராக இழுபடும், பசை தொட்ட மாத்திரத்தில் கவ்விக்கொள்ளும், பிரித்து மறுபடி ஒட்ட வழியிருக்காது. மே மாதத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால் விடியற்காலையில் தொடங்குங்கள். மாலையில் வேண்டாம், ஏனென்றால் நாளெல்லாம் காய்ந்த தகரக் கூரை பொழுது சாய்ந்த பிறகும் அனல் கக்கும். முந்தின இரவே வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தித் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, ஒட்டும்போது மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

ஒட்டுவதை இடப்பக்கக் கதவில் தொடங்கலாம். நீங்கள் ஒரு முனையையும் தம்பி மறுமுனையையும் பிடித்து, பின்தாளை உரித்து, புடவையை மடிக்க விரித்துப் பிடிப்பதுபோலத் தொய்வில்லாமல் பிடித்துக் கதவின்மேல் மெல்லப் படியவிடுங்கள். ஃபெல்ட் துணி ஒட்டிய ஸ்க்வீஜியை (தேய்த்துப் படியவைக்கும் பட்டை) நடுவில் வைத்து, ஒவ்வொரு தேய்ப்பும் முந்தைய தேய்ப்பின் பாதியை மூடும்படி ஓரம் நோக்கித் தள்ளுங்கள். சுருக்கம் விழுந்தால் அதன்மேல் ஸ்க்வீஜியைப் போட்டு அழுத்தாதீர்கள். நன்றாகச் சுருக்கம் பதிந்துவிட்டால் பிறகு போகாது. அந்தப் பகுதியை உரித்தெடுத்து, ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) இலேசாகச் சூடு காட்டினால் ஃபிலிம் தானே பழைய வடிவத்துக்குத் திரும்பும். பிறகு மீண்டும் படியவைக்கலாம். கதவில் உள்ள பள்ளக்கோட்டில் ஃபிலிமை மேலாகப் பாலம் போட்டுவிட்டுப் பின்னர் உள்ளே அழுத்துவது பலரும் செய்வது. சில நாளில் அது அங்கிருந்து எழும்பி நிற்கும். முதலில் பள்ளத்துக்குள் படியவைத்து, அதன்பின் இருபுறமும் தேய்க்க வேண்டும்.

வெட்டுவதுதான் எனக்குக் கவலை. கத்தியைப் பெயின்டின்மேல் வைத்து இழுத்தால் ஃபிலிமோடு பெயின்டும் அறுபடும், அந்தக் கீறலில் துரு தொடங்கும், மேலே வினைல் இருப்பதால் அது உங்கள் கண்ணிலும் படாது. ஃபிலிமுக்கு அடியில் முன்கூட்டியே ஒட்டிவைத்து, அதிலுள்ள நூலை இழுத்தால் ஃபிலிமை மட்டும் வெட்டும் டேப் கிடைக்கிறது. நடுவில் வெட்ட வேண்டிய இடத்துக்கெல்லாம் அதையே பயன்படுத்துங்கள். கதவு விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் அளவு உட்புறமாக மடித்து, அங்கே கத்தியைப் பயன்படுத்தலாம். முனையை அடிக்கடி ஒடித்துப் புது முனையால் வெட்டுங்கள், மழுங்கிய கத்திதான் அழுத்தத் தூண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஓரங்களையும் வளைவுகளையும் பள்ளங்களையும் ஹீட் கன்னால் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி மறுபடி அழுத்த வேண்டும். இழுபட்ட ஃபிலிமின் 'நினைவு', அதாவது பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் இயல்பு, அப்போதுதான் அழியும். கை மதிப்பு பார்க்காமல் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். ஆல்கஹாலில் நனைத்த துணி பக்கத்தில் இருக்கும்போது ஹீட் கன்னைத் தொடவே கூடாது. அந்த ஆவி தீப்பற்றக்கூடியது. முன்பம்பர் சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால் அதைத் தொட வேண்டாம், பசை அதில் நிற்காது. முதல் இரண்டு மூன்று நாள் வண்டியைக் கழுவாதீர்கள். பிறகு வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது பீச்சியை ஒரு அடி தள்ளிப் பிடிக்கவும், ஓரங்களுக்கு நேராக அடிக்காமல் இருக்கவும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கர் கடைகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுகிறார்களே, வண்டிக்கும் அப்படி ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்வது சுலபம்தானே?
(வாசகி, ஆவடி)

பதில்: நுண்கால்வாய் இல்லாத சிறிய ஸ்டிக்கர் எழுத்துகளுக்கு அந்த முறை சரி. நுண்கால்வாய் உள்ள ரேப்பிங் ஃபிலிமை உலர்வாகத்தான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் காற்றுக்காக அமைத்த வழியில் தண்ணீர் தங்கி, பசை பிடிக்காமல் ஓரங்களில் விட்டுப்போகும். நகர்த்தும் வசதி வேண்டுமானால் தகட்டையும் கொட்டகையையும் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு, மெதுவாக அழுத்தத் தொடங்குங்கள். அழுத்தும்வரை அந்தப் பசை பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் இருக்கிறேன். உப்புக் காற்றால் கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்துக் கொப்பளித்துள்ளது. மேலே வினைல் ஒட்டினால் துரு நின்றுவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரியா?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: நிற்காது. கதவின் அடியில் வரும் துரு பெரும்பாலும் உட்புறத்திலிருந்து வருவது: கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற வேண்டிய துளைகள் மண்ணால் அடைபட்டு, உள்ளே தேங்கிய ஈரம் தகட்டைத் தின்கிறது. வெளியே எதை ஒட்டினாலும் அந்த வேலை உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். கொப்புளத்தின்மேல் பசையும் பிடிக்காது. முதலில் துளைகளைக் குத்தி அடைப்பெடுங்கள். பிறகு டிங்கர் வேலை செய்து, துருவைத் தேய்த்தெடுத்து, பட்டி பார்த்து, பிரைமரும் பெயின்டும் அடிக்க வேண்டும். பட்டியின்மேல் நேரடியாக ஃபிலிம் ஒட்டக் கூடாது. புதிய பெயின்ட் காய்ந்ததுபோலத் தோன்றினாலும் அதிலிருந்து கரைப்பான் ஆவி வாரக்கணக்கில் வெளியேறும். அவசரப்பட்டு மூடினால் ஆவி குமிழியாக எழும், பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரும். குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். இவ்வளவும் செய்து முடித்தபின் கதவு புதுப் பெயின்டில் நன்றாகவே இருக்கும் என்பதால், வினைல் தேவையா என்றும் அப்போது ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெள்ளை வண்டியை வேறு நிறத்துக்கு மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போதோ தொல்லை வருமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கழற்றிவிடக்கூடிய ஃபிலிம்தானே என்ற வாதத்தைச் சோதனைச் சாவடியில் நின்று நடத்துவதைவிட, ஒட்டுவதற்கு முன்பே உங்கள் பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, நிறத்தை மாற்றிப் பதிவுசெய்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுவது புத்திசாலித்தனம். வெள்ளை வண்டிக்கு வெள்ளை ஃபிலிமே ஒட்டி, அதன்மேல் கடைப் பெயரை மட்டும் வேறு நிறத்தில் வைப்பவர்களுக்கு நிறமாற்றம் என்ற கேள்வியே எழுவதில்லை. ஆலிவ் பச்சை நிறத்தை மட்டும் நினைக்கவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி அதைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு ஒதுக்கியிருக்கிறது.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருப்பதால், பின்வருவனவற்றை ஃபிலிம் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: முன்புறம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என்று ஒட்டியுள்ள ஒளிபிரதிபலிப்பு டேப்புகள், விளக்குகள், நம்பர் பிளேட். கதவில் எழுதியிருக்கும் எடை விவரமோ முகவரியோ மறைந்தால் ஃபிலிமின்மேல் மறுபடி எழுதிவிடுங்கள். கண்ணாடியில் எதுவும் ஒட்ட வேண்டாம். வண்டிக் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது.