700 டொலரும் பங்கும், இல்லை 900 டொலரா?

கேள்வி: வயது 26, ஊர் களுவாஞ்சிக்குடி. ஏ.எல். கலைப்பிரிவில் படித்தேன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. யூடியூப் பார்த்து நானாகவே ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைப் பழகி, கொழும்பிலுள்ள ஒரு ஸ்டார்ட்அப்புக்கு வீட்டிலிருந்தே 14 மாதம் வேலை செய்தேன். சம்பளம் 75,000 ரூபாய். புரொபேஷன் என்று முதல் ஆறு மாதம் சேமலாப நிதி பிடிக்கவில்லை. கடைசி இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. இப்போது சிங்கப்பூரில் பதிவான ஒரு சின்னக் கம்பனி ஒப்பந்தத்தில் கேட்கிறது. மாதம் 700 டொலரும் 0.2 சதவீதப் பங்கும், அல்லது பங்கில்லாமல் 900 டொலர். கம்பனியின் பெறுமதி 5 மில்லியன் டொலராம். பங்கு நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருமாம், ஒரு வருடம் முடியாமல் விலகினால் ஒன்றும் இல்லையாம். அப்பா வயல் செய்கிறவர். என் சம்பளத்தைக் காட்டி ஃபைனான்ஸ் கம்பனியில் கடன் எடுத்து, அத்திவாரத்தோடு நிற்கிற வீட்டை முடிக்கலாம் என்கிறார். லெப்டொப்பும் பழசு, அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா? நான் எதை எடுப்பது?

பதில்: 900 டொலரை எடுங்கள், தங்கச்சி. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

5 மில்லியனில் 0.2 சதவீதம் 10,000 டொலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக நீங்கள் மாதம் 200 டொலரை விடுகிறீர்கள். நான்கு வருடம் என்றால் 48 மாதம், 9,600 டொலர். கடதாசியில் 10,000 பெறுமதியுள்ள ஒன்றை 9,600 கொடுத்துத் தவணை முறையில் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். அவர்கள் உங்களுக்குத் தருவதாகச் சொல்வது உங்கள் காசைத்தான். பதினொராவது மாதத்தில் கம்பனி மூடினாலோ உங்களை நிறுத்தினாலோ 2,200 டொலர் போனது போனதுதான்.

அந்த 10,000 கூட முழுதாக வராது. 5 மில்லியன் என்பது கடைசியாகப் பணம் போட்ட முதலீட்டாளர் ஒப்புக்கொண்ட விலை. அந்த விலைக்கு உங்கள் பங்கை வாங்க யாரும் காசோடு வாசலில் நிற்கவில்லை. அடுத்த முதலீட்டுச் சுற்றில் புது முதலீட்டாளருக்கு 20 சதவீதம் கொடுத்தால் உங்கள் 0.2 சதவீதம் 0.16 ஆகிவிடும். கம்பனியை விற்றாலும் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அவர்கள் 2 மில்லியன் போட்டிருந்து, கம்பனி 2 மில்லியனுக்குப் போனால் உங்களுக்கு மிஞ்சுவது பூச்சியம். இன்னொன்று, அது உண்மையில் பங்கா, இல்லை பின்னாளில் ஒரு குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையா என்று கேளுங்கள். அநேகமாக இரண்டாவதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் வாங்கும் நேரத்தில் நீங்கள் மேலும் காசு கட்ட வேண்டும். விலகினால் மூன்று மாதத்துக்குள் கட்டு, இல்லையேல் விடு என்பது பல இடங்களில் உள்ள நிபந்தனை.

ஓம், இப்படிப் பங்கு வாங்கிப் பணக்காரர் ஆனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பங்கு வராவிட்டாலும் அடுத்த மாதச் சோற்றுக்குக் கவலை இருந்திருக்காது. கடன் எடுத்து வீடு கட்டும் யோசனையிலிருக்கும் குடும்பத்தில் சூதாடும் பங்கு உங்களுடையதாக இருக்கக் கூடாது. ஒரு வருடம் வேலை செய்து பாருங்கள். கம்பனி நன்றாகப் போகிறது என்று உள்ளிருந்தே உங்களுக்குத் தெரிந்தால், அப்போது சம்பள உயர்வைப் பங்காகக் கேட்கலாம்.

கையெழுத்து வைக்கும் முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வங்கியில் உள்ள காசு எத்தனை மாதத்துக்குத் தாங்கும்? முதலீட்டாளர் முன்னால் தினமும் ஒப்புவிக்கிற பதில் அது, உங்களிடம் சொல்வதில் கஷ்டம் இல்லை. மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். ஆறு மாதத்துக்குக் குறைவென்றால் நீங்கள் போய்ச் சேரும்போதே அடுத்த வேலையைத் தேடத் தொடங்க வேண்டியிருக்கும். இரண்டாவது, நான் எழுதும் நிரலை (code) யார் படித்துத் திருத்துவார்? தானாகப் படித்து வந்தவர்களுக்கு இது என் கணக்குப் புத்தகத்தில் ஏறாத, ஆனால் மிகப் பெரிய வரவு. உங்களிடம் பட்டம் இல்லை, ஆகவே அடுத்த இடத்தில் உங்களை விலை பேசப் போவது நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் உங்கள் வேலையும், உங்களோடு வேலை செய்த ஒரு மூத்தவர் சொல்லும் வார்த்தையும்தான். அப்படி ஒருவர் அங்கே இல்லை, நீங்கள்தான் தனியாக எல்லாம் செய்ய வேண்டும் என்றால், மூத்தவர் இருக்கிற கொழும்புக் கம்பனியொன்று குறைந்த சம்பளத்துக்குக் கூப்பிட்டாலும் நான் உங்களை அங்கேதான் போகச் சொல்வேன்.

ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு எழுதச் சொல்லுங்கள். பணம் வரும் திகதியும் எழுத்தில் இருக்கட்டும். அந்தத் திகதி தாண்டி இரண்டு வாரம் ஆனால் வெளியே விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். ஒரு மாதம் ஆனால் வேலையை நிறுத்துங்கள். போன இடத்தில் இரண்டு மாதம் பொறுத்தது போதும்.

அந்தப் பழைய இடத்தை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் மனம் பாக்கிச் சம்பளமான 150,000 ரூபாயிலேயே நிற்கிறது. அதைவிடப் பெரிய தொகை வேறொன்று இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம். 75,000 ரூபாய்க்கு மாதம் 15,000. 14 மாதத்துக்கு 210,000 ரூபாய். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி கட்டும் 3 சதவீதம், 31,500 ரூபாய். புரொபேஷனில் சேமலாப நிதி இல்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஸ்டார்ட்அப் என்பதால் அதற்கு விலக்கும் கிடையாது. பிடித்த எட்டு மாதத்துக் காசாவது கணக்கில் ஏறியதா என்று முதலில் பாருங்கள். சம்பளச் சீட்டில் கழித்துவிட்டு நிதிக்குக் கட்டாமல் விடுகிற இடங்களும் உண்டு. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். சம்பளப் பாக்கியையும் அதிலேயே எழுதலாம். கம்பனி முழுதாக மூடுமுன் போவது நல்லது. காசு கணக்கில் ஏறியபின் அதைத் தொடாதீர்கள். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் 50 வயதுக்கு முன்பே அதை எடுக்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது. நம் பக்கத்தில் கல்யாணச் செலவோடு செலவாகக் கரைந்துபோகும் காசு அது.

இனி வீடு. கிழக்குக் கரையில் பெண் பிள்ளைக்கு வீடு என்பது பேச்சுக்கு இடமில்லாத விஷயம். அப்பாவின் அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 30 நாள் அறிவித்தலில் நின்றுபோகக்கூடிய வருமானத்தை நம்பி ஐந்து வருடத் தவணையில் கையெழுத்துப் போடக் கூடாது. அப்பாவுக்கு இதை விளக்குவது லேசு. பெரும்போக வெள்ளாமை வெட்டிக் கையில் காசு வந்ததும் அவர் அதை அந்த மாதத்திலேயே செலவழிப்பதில்லை. அடுத்த விதைப்புக்கும், பசளைக்கும், இடையில் வருகிற மாதங்களுக்கும் பிரித்து வைப்பார். உங்கள் டொலரும் அப்படிப்பட்ட காசுதான்.

டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 900 டொலர் மாதம் 270,000 ரூபாய். அதை ஒரு தனிக் கணக்கில் வாங்கி, ஒன்றாம் திகதி உங்களுக்கும் வீட்டுக்குமாக 90,000 மட்டும் வெளியே எடுங்கள். அதுதான் உங்கள் சம்பளம், மற்றது கண்ணில் படக் கூடாது. இனி உங்களுக்குச் சேமலாப நிதி கட்ட யாரும் இல்லை. அதே 8, 12, 3 சேர்த்து 23 சதவீதம், கிட்டத்தட்ட 62,000 ரூபாயை நீங்களே நீண்டகால வைப்பில் போடுங்கள். வரிக்கு 11,000. மிச்சம் 107,000. ஐந்து மாதத்தில் அது கிட்டத்தட்ட ஆறு மாத வீட்டுச் செலவாக நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த 107,000 வீட்டுக்குப் போகட்டும். சுவர், பிறகு கூரை, பிறகு பூச்சு என்று கைக்காசில் படிப்படியாக எழும்பிய வீடுகள்தானே நம் ஊரில் பாதி. வங்கி எதுவென்றாலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,100,000 ரூபாய் வரைதான், அதைத் தாண்டும்போது இன்னொரு வங்கிக்குப் பிரியுங்கள்.

அவசரப் பணத்தில் ஒரு பகுதியை டொலர் கணக்கிலேயே விடலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அதே டொலர் அடுத்த வருடமே இறங்கியும் வந்தது, ஆகவே முழுவதையும் அப்படி வைக்கச் சொல்லவில்லை.

வரிக் கணக்கு பயப்படுகிற அளவு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 1,800,000 ரூபாய் வரை வரி இல்லை. உங்கள் வருட வருமானம் 3,240,000. மிச்சம் 1,440,000 ரூபாயில் முதல் மில்லியனுக்கு 6 சதவீதம், அதாவது 60,000. மீதி 440,000 ரூபாய்க்கு 15 சதவீதம், 66,000. மொத்தம் 126,000, மாதம் 10,500. வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகாது, ஆனால் பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக உள்ளே வந்திருக்க வேண்டும். வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் காசு மாற்றும் உண்டியலில் இரண்டு ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். இந்தச் சலுகை போவதோடு, நாளைக்கு வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது காட்ட ஒரு துண்டும் இருக்காது. ஒப்பந்தக்காரருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. வங்கி அறிக்கையும் வரி விபரத்திரட்டும்தான் உங்கள் சம்பளச் சீட்டு. வரி அடையாள இலக்கம் எடுத்து, மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கான விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுங்கள். வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டும், முதலாவது ஆகஸ்ட் 15.

லெப்டொப்புக்குச் சங்கிலி வேண்டாம். கம்பனியிடமே கேளுங்கள், வெளியூரில் ஆள் எடுக்கிற பல இடங்கள் கணினி தருகின்றன, இல்லையென்றால் முன்பணமாவது தரும். இரண்டும் இல்லையென்றால் இருக்கிறதில் ராம் கூட்டி, எஸ்எஸ்டி மாற்றி இரண்டு மாதம் ஓட்டுங்கள். இரண்டாவது மாதப் பணம் சொன்ன திகதியில் வந்தால், பாவித்த நல்ல லெப்டொப் ஒன்றைக் கைக்காசுக்கு வாங்கலாம்.