ஏ1-க்கும் ஏ2-க்கும் ஒரே வக்கீலா?

வரப்புத் தகராறு அடிதடி வழக்கில் அண்ணன், நான், மைத்துனர் மூவரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் (வழக்கில் வரிசைப்படி ஏ1, ஏ2, ஏ3). ஒரே வக்கீல் வைக்கலாமா?

தாராளமாக. விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசமைப்பின் 22(1) பிரிவு தருகிறது. ஜாமீன் வாங்கும் வரை பெரும்பாலும் சிக்கல் வராது. மூவர் கதையும் ஒன்றென்றால் விசாரணையிலும் லாபம்தான்: செலவு குறையும், குறுக்கு விசாரணை முன்னுக்குப்பின் முரணாகாது.

உங்கள் அண்ணன் "தற்காப்புக்காக அடித்தேன்" என்கிறார், மைத்துனர் "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்கிறார் என்றால் நிலைமை வேறு. காயம்பட்ட சாட்சியிடம் "அரிவாள் வைத்திருந்தவர் ஏ1 மட்டும்தானே?" என்று கேட்டால் மைத்துனர் தப்புவார், அண்ணன் மாட்டுவார். பொது வக்கீல் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். கேட்காத கேள்வி சாட்சியப் பதிவில் இருக்காது. அதனால் என்ன இழந்தோம் என்பது மேல்முறையீட்டில்கூடத் தெரியாது.

மணல் கடத்தல் வழக்கு. லாரி ஓனர் ஏ1, அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. டிரைவரான என் கணவர் ஏ2, சிறையில் இருக்கிறார். ஓனர் பிடித்த வக்கீலே எங்களுக்கும் ஆஜராகிறார்.

உடனே மாற்றுங்கள் அம்மா. "லாரியை எங்கே ஓட்டிப்போனான் என்றே தெரியாது" என்பது ஓனருக்கு வசதியான வாதம். "முதலாளி சொல்லித்தான் போனேன்" என்பதே உங்கள் கணவரின் வாதமாக இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே வாய் பேச முடியாது. பீஸ் கொடுப்பவர் ஓனர் என்பதால் யார் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் ஒரு தடையில்லை. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வக்கீல் உண்டு. சிறைக் கண்காணிப்பாளர் மூலமோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ மனு கொடுக்கலாம்.

ஏ3 ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அது எங்களையும் பாதிக்குமா?

போலீஸிடம் கொடுத்ததா, மாஜிஸ்திரேட்டிடமா? முன்னது, பொருள் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி தவிர, சாட்சியமாகாது. பின்னது நிரூபணமானால், கூட்டு விசாரணையில் மற்றவர்களுக்கு எதிராகவும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் (பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 30, இப்போதைய சட்டத்தில் பிரிவு 24). அந்த வாக்குமூலத்தை உடைக்க வேண்டியவர் ஏ3-க்கும் வக்கீலாக இருக்கக் கூடாது.

அவர் அப்ரூவர் (மன்னிப்புப் பெற்று உண்மையைச் சொல்ல ஒப்புக்கொண்டவர்) ஆகிவிட்டால்?

அரசுத் தரப்பு சாட்சியாகக் கூண்டேறுவார். நேற்றுவரை தன் கட்சிக்காரராக இருந்தவரை வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கட்சிக்காரர் ரகசியமாகச் சொன்னதை வெளியே விடக் கூடாது. வக்காலத்து முடிந்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு நீடிக்கும். ஆகவே வக்கீல் மீதி எல்லோரையும் விட்டு விலகுவதே முறை. புது வக்கீல் கேஸ் கட்டைப் படித்துத் தயாராக வாய்தா கேளுங்கள்.

பீஸ் பாக்கி என்று பழைய வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுக்கிறார்.

மறுக்க முடியாது. பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலித்துக்கொள்ளட்டும்.