மாமாவின் கோழிக்கடை பிரான்சைஸை என் பெயருக்கு மாற்ற, டிரான்ஸ்ஃபர் கட்டணம் மட்டும் கட்டினால் போதுமா?

போதாது தம்பி. ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் அந்த பிரான்சைஸ் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

நானும் உங்களைப் போல மலேசியாவில் பகாவ் ஊர்க்காரன்தான். ஆறு வருடத்துக்கு முன் இப்படி ஒரு கடையைக் கைமாற்றி எடுத்தேன். டிரான்ஸ்ஃபர் கட்டணம் 12,000 வெள்ளி (ரிங்கிட்). அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு போனேன். பயிற்சிக்கு நானும் ஒரு பையனும் மூன்று வாரம் கோலாலம்பூரில் தங்கிய செலவு தனி. சரி, அது சில்லறை. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: கைமாறும்போது கடையை நடப்புத் தரத்துக்கு உயர்த்த வேண்டும். படித்தேன், எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. பலகை, விளக்கு, மேசை நாற்காலி, பொரிக்கும் மெஷின் எல்லாம் சேர்ந்து 80,000ஐத் தாண்டியது. எனக்குக் கிடைத்ததோ பழைய ஒப்பந்தத்தின் மிச்சம் இரண்டரை வருடம். அது முடிந்ததும் புதுப்பிக்க மறுபடி ஒரு கட்டணம்.

அதனால் பிரான்சைஸ் தரும் கம்பெனியின் தலைமையகத்திடம் முதலில் கேளுங்கள்: மிச்சக் காலத்தை மட்டும் மாற்றித் தருகிறார்களா, புது ஒப்பந்தம் போடுகிறார்களா? நம் நாட்டு 1998 பிரான்சைஸ் சட்டப்படி ஒப்பந்தக் காலம் ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது. புதிதாகப் போட்டால் அந்த ஐந்து வருடம் உங்களுக்கு. கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் விலக, குறைந்தது ஏழு வேலை நாள் அவகாசமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எந்த நிபந்தனையில் உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம் என்பதும் மாமா கையெழுத்திட்ட பழைய ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதை வாங்கிப் படியுங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

தலைமையகம் எழுத்தில் சம்மதம் தரும்வரை மாமாவுக்கு முன்பணம் வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், சம்மதம் வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். ராயல்டி, அதாவது கம்பெனிக்குத் தொடர்ந்து கட்டும் உரிமைத் தொகை, பாக்கி இருந்தால் பொதுவாக அது தீராமல் மாற்ற மாட்டார்கள். அந்தப் பாக்கி யார் தலையில் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். மஜ்லிஸ் (ஊராட்சி மன்ற) லைசென்ஸ், கடை வாடகை ஒப்பந்தம் இரண்டும் தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடாது. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் வாடகையை ஏற்ற இதைவிட நல்ல நேரம் பார்க்க மாட்டார்.

இன்னொன்று. பிரான்சைஸ் முடிந்து இரண்டு வருடத்துக்கு அதே மாதிரி தொழில் செய்ய மாட்டேன் என்று மாமா எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் அந்த வாக்கு தலைமையகத்துக்குக் கொடுத்தது, உங்களுக்கு இல்லை. எனக்குக் கடை விற்றவர் நான்காவது மாதமே பஸ் நிலையம் பக்கம் தள்ளுவண்டி போட்டார். மசாலா வாசனையிலேயே தெரிந்தது! உங்கள் விற்பனைப் பத்திரத்திலும் அந்த வாக்கை எழுதி வாங்குங்கள்.

விலை பேசும்போது ஒரு வாரக் கணக்கை நம்பாதீர்கள். இது தோட்டப்புற ஊர். சம்பளம் போட்ட வாரம் வாசல்வரை வரிசை நிற்கும், மாதக் கடைசியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தீபாவளி மாதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பன்னிரண்டு மாதப் பில்லையும் பாருங்கள். மாமாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அத்தையிடம் கேளுங்கள். கல்லாப் பெட்டிக் கணக்கு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.