கைத்தடியோடு நிலாவெளி வீதியைக் கடப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார். பஸ் ஏற நிலாவெளி வீதியைக் கடக்க வேண்டும், எங்கள் ஒழுங்கையில் நடைபாதையும் கிடையாது. யாரிடம் என்ன கேட்பது?

பதில்: "நடைபாதை போட்டுத் தாருங்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், அந்தக் கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். முதலில் அம்மாவோடு பஸ் நிறுத்தம் வரை அவருடைய வேகத்திலேயே நடந்து, எங்கெங்கே தார் றோட்டில் இறங்குகிறார், ஏன் இறங்குகிறார் என்று போனில் படம் எடுங்கள். வடிகான் மூடி உடைந்திருக்கும், யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள், மணல் குவிந்திருக்கும். இரண்டு மூடிகளுக்கு நடுவிலுள்ள நீக்கலையும் பாருங்கள்: கைத்தடியின் ரப்பர் நுனி அதற்குள் சிக்கினால் ஆள் முன்னுக்குத்தான் விழும், தடி பிடிக்காதவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. இருட்டிய பிறகும் ஒருமுறை போங்கள் (றோட்டில் படுத்திருக்கும் மாடுகளைத் திருகோணமலையாருக்குச் சொல்லவா வேண்டும்), எரியாத விளக்குக் கம்பங்களைக் குறியுங்கள். மாரியில் றோட்டோரம் தண்ணீர் நின்றால் அதுவும் படத்தில் வரட்டும்.

கடப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கைத்தடியோடு நடப்பவர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால், 7 மீட்டர் அகல வீதிக்கு 9 வினாடி வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் அதற்குள் 125 மீட்டர் ஓடிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் அவ்வளவு தூரம் தெரிகிற இடத்தில்தான் கடக்க வேண்டும். நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் கடக்கவே கூடாது, பஸ் போகட்டும். பாதசாரிக் கடவை மட்டும் கீறினால் போதும் என்று நான் நினைக்கவில்லை, வேகமும் குறைய வேண்டும். ஆட்களும் வாகனமும் கலந்து போகும் இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 30 கி.மீ.

சரி, யாரிடம் கேட்பது? நிலாவெளி வீதி பி வகை (ஏ வகைக்கு அடுத்த தரப் பெருவீதி), அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒழுங்கைக்கும் தெருவிளக்குக்கும் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. இரண்டு இடத்துக்கும் தனித்தனிக் கடிதம், படங்களோடு. சாய்தளம் (படிக்குப் பதிலான சரிவு) கேட்டால் அளவையும் எழுதுங்கள்: 15 செ.மீ. உயரத்துக்கு 180 செ.மீ. நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலிக்காரர் தனியாக ஏறமாட்டார். பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

அதுவரை அம்மா றோட்டின் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்கட்டும். இரவென்றால் வெளிர் நிறச் சேலை, கையில் ஒரு டோர்ச்.