மடக்குக் கத்திக்கு எந்த எஃகு? தூத்துக்குடி வாசகருக்கு ஒரு பதில்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் அவருக்கு வேலை. பாக்கெட்டில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். அட்டைப்பெட்டி பிரிப்பது, நைலான் கயிறு அறுப்பது, மத்தியானம் மாங்காயோ எலுமிச்சையோ நறுக்குவது என்று நாள் முழுக்க அதற்கு வேலைதான். இப்போது இருக்கும் கத்தி வாரத்துக்கு இரண்டு முறை மழுங்கிவிடுகிறதாம். அமெரிக்காவிலிருந்து அண்ணன் வருகிறார், நல்லதாக ஒன்று வாங்கிவரச் சொல்லலாம் என்று தேடினால் எஃகின் பெயர்களெல்லாம் எஸ்35விஎன், எம்390, மேக்னாகட் என்று ஒரே எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. "டி2 என்று ஒன்று இவற்றைவிட ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு இவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா? வீட்டில் இருப்பது சாதாரணத் தீட்டுக்கல்தான்" என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உப்புக்காற்றில் வேலை, புளிப்பான காய் நறுக்குகிறீர்கள் என்பதால் மேக்னாகட். பணம் இடித்தால் 14சி28என் என்ற சுவீடன் எஃகு. டி2 உங்களுக்கு வேண்டாம். ஆனால் அந்தத் தீட்டுக்கல்லை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், மேக்னாகட்டுக்குப் பணம் போடாதீர்கள்.

டி2வைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வராது. கோவையில் எஃகுக்குப் பதம் போடும், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கும், பட்டறையில் பல வருடம் இருந்தவன் நான். அச்சுக் கருவிகள் செய்யும் டூல்ரூம்காரர்கள் 'எச்சிஎச்சிஆர்' (ஹை கார்பன், ஹை குரோமியம்) என்று கேட்டு வாங்கும் டை ஸ்டீல்கள் இதன் குடும்பம்தான். தகடு வெட்டும் டைக்கு அருமையான சரக்கு. கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். 12 என்று பார்த்ததும் 'கிட்டத்தட்ட ஸ்டெயின்லெஸ்தானே' என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். குரோமியம் எஃகுக்குள் கரைந்து இருந்தால்தான் துருவைத் தடுக்கும். டி2வில் இருக்கும் ஏராளமான கார்பன் அந்தக் குரோமியத்தில் பெரும் பங்கைப் பிடித்து இழுத்து கார்பைடாக ஆக்கிவிடுகிறது. கார்பைடு என்பது எஃகுக்குள் கிடக்கும் கடினமான துகள். கத்தியின் வாய் தேயாமல் காப்பது அதன் வேலை. துருவைத் தடுக்க அதனால் முடியாது. ஒருமுறை தனுஷ்கோடிக்குப் போனபோது டி2 கத்தியில் எலுமிச்சை நறுக்கிவிட்டு, துடைக்காமல் பாக்கெட்டில் போட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் அலகு முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள். கத்தி மேல் தப்பில்லை, சோம்பேறித்தனம் என்னுடையது. ஆனால் தினமும் அங்கேயே வேலை செய்கிறவருக்கு ஒரு நாளாவது அந்தச் சோம்பல் வராமல் போகாது.

இப்போது மேக்னாகட்டைப் பாருங்கள். அதில் குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2வைவிடக் குறைவு. இருந்தாலும் துருவைத் தாங்குவதில் டி2 அதன் பக்கத்தில் வரமுடியாது. காரணம் அதன் கலவைக் கணக்கு. 4 சதவீதம் வனேடியமும் 2 சதவீதம் நையோபியமும் என இரண்டு உலோகங்களைச் சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மேல் இந்த இரண்டுக்கும் குரோமியத்தைவிடப் பெரிய பசி. இருக்கும் கார்பனை இவை முதலில் விழுங்கி, சின்னச் சின்னக் கார்பைடாக உட்கார்ந்துகொள்கின்றன. சரியாகப் பதம் போட்டால் குரோமியக் கார்பைடே மிஞ்சுவதில்லை. குரோமியம் கிட்டத்தட்ட முழுவதும் கரைந்த நிலையில் காவலுக்கு நிற்கிறது. இந்தக் கணக்கைப் போட்டவர் லேரின் தாமஸ் என்ற அமெரிக்க உலோகவியலாளர். டமாஸ்கஸ் எஃகு செய்யும் கொல்லரின் மகன். 2021இல் இது சந்தைக்கு வந்தது. விளம்பரச் சத்தத்தைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுகிற எஃகு என்று இதைச் சொல்வேன்.

பெயருக்கு முன்னால் 'சிபிஎம்' என்று போட்டிருப்பார்கள். அது பொடியிலிருந்து எஃகு செய்யும் முறையைக் குறிக்கிறது. பாகு மெதுவாக ஆறினால் கற்கண்டு பெரிது பெரிதாகக் கட்டும். சட்டென்று ஆறினால் பொடிசாக இருக்கும். எஃகும் ஏறக்குறைய அப்படித்தான். டி2 போன்றவற்றை வழக்கமான முறையில் பெரிய கட்டியாக வார்க்கும்போது, அது ஆற ஆற உள்ளே கார்பைடுகள் பெருத்துவிடும். மெல்லிய கத்திவாயில் அப்படிப் பெரிய துகள் உட்கார்ந்தால், அந்த இடத்தில் பெயர்ந்து போகும். பொடி முறையில், உருகிய எஃகை வாயு பீய்ச்சித் தூறலாக்குகிறார்கள். ஒவ்வொரு துளியும் விழும் முன்பே உறைந்துவிடுவதால் கார்பைடு வளர நேரமே இல்லை. அந்தப் பொடியை எஃகுப் பெட்டிக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி, பெரும் அழுத்தத்தில் சூடாக்கி ஒரே கட்டியாக்குவார்கள். அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனம் இதை 1970 வாக்கில் வணிக அளவுக்குக் கொண்டுவந்தது. க்ரூசிபிள் என்றால் மூசை, அதாவது உலோகம் உருக்கும் மண் பாத்திரம். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்ததும் மூசைதான். பழைய மூசை எஃகு வாள்களில் தெரியும் அலையலையான கோலத்துக்கு, கனிமத்தோடு வந்த துளி வனேடியம் போன்ற கலப்புகளே காரணம் என்று 1990களில் வெர்ஹூவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் செய்து காட்டினார்கள். வனேடியத்துக்கும் கத்திக்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு.

மற்ற இரண்டுக்கும் வருகிறேன். எஸ்35விஎன் 2009இல் வந்தது. அதற்கு முன் 2001இல் வந்த எஸ்30வியில் வனேடியத்தை 4இலிருந்து 3 சதவீதமாகக் குறைத்து, அரை சதவீதம் நையோபியம் சேர்த்தார்கள். கொஞ்சம் உடையாத்தன்மை கூடியது, பட்டறையில் வேலை செய்யச் சுலபமானது. எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது, எதிலும் தோற்காது. தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

எம்390 ஆஸ்திரியாவின் போலர் நிறுவனத்தின் சரக்கு. கார்பன் 1.9, குரோமியம் 20 சதவீதம். 20சிவி, 204பி என்று வேறு பெயர்களில் பார்த்தால் அவையும் ஏறக்குறைய இதே கலவைதான். பெயரை வைத்து விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். இவ்வளவு கார்பைடு இருப்பதால் அட்டை வெட்டுவதில் நான்கில் இதுதான் அதிக நாள் தாங்கும். அட்டை பார்க்கச் சாது. ஆனால் பழைய காகிதத்தை அரைத்துச் செய்த அட்டைக்குள் மண்ணும் களிமண்ணும் கலந்திருக்கும், கத்திக்கு அது உப்புத்தாள் மாதிரி. சரி, அப்படியானால் எம்390ஐயே வாங்கிவிடலாமே? உங்கள் கிடங்குப் பெட்டிகளில் கம்பிப் பின் அடித்திருப்பார்கள் இல்லையா, அதுதான் பிரச்சினை. கார்பைடு கூடக் கூட எஃகு நொறுங்கும் குணமும் கூடும். பின்னில் பட்டால் எம்390இன் வாயில் நுண்ணிய துண்டுகள் பெயர்ந்து பல் விழ வாய்ப்பு அதிகம். மேக்னாகட் அந்த அடியை நன்றாகவே தாங்கும். அட்டையில் கொஞ்சம் முன்னதாக மழுங்கும், அவ்வளவுதான். மழுங்கினதைத் தீட்ட ஐந்து நிமிடம். பல் விழுந்தால் அரை மணி நேரத் தேய்ப்பு.

கலவையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், எஃகின் பெயர் பாதிக் கதைதான். மீதி பதத்தில் இருக்கிறது. எம்390ஐ, கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60, 61க்குப் பதம் போட்டால்தான் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். 57, 58இல் நிறுத்திவிடும் தயாரிப்பாளர்களும் உண்டு. அரைப்பதற்கும் மெருகு போடுவதற்கும் அவர்களுக்கு அது சௌகரியம். மேக்னாகட் 62ஐ ஒட்டி இருப்பது நல்லது. கடினத்தன்மை எண்ணை வெளிப்படையாகச் சொல்லும் தயாரிப்பாளரிடம் வாங்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை மறைத்துவிட்டு எஃகின் பெயரை மட்டும் பெரிதாகப் பொறித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் வாயின் மெலிவு. இதை யாரும் கேட்பதே இல்லை, ஆனால் கையில் தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். வாய்க்குச் சற்று மேலே அலகு தடிமனாக இருந்தால் எந்த எஃகாக இருந்தாலும் அட்டைக்குள் ஆப்பு மாதிரி சிக்கும். ஒரு பக்கத்துக்கு 20 டிகிரிக்கு மேல் தீட்டிய விலையுயர்ந்த கத்தியைவிட, 15 டிகிரிக்கு மெல்லிசாகத் தீட்டிய சாதாரணக் கத்தி நன்றாக வெட்டும், பல நேரம் அதிக நாளும் வெட்டும். அதனால்தான் 14சி28என்னைச் சொன்னேன். சுவீடன் எஃகு, முன்பு சாண்ட்விக், 2022 முதல் அல்லைமா என்று பெயர். சவர பிளேடு எஃகின் வழிவந்தது. கார்பன் 0.62, குரோமியம் 14 சதவீதம், கொஞ்சம் நைட்ரஜன். பொடி முறை இல்லாமலே கார்பைடு பொடிசு, துருவை நன்றாகத் தாங்கும், மெலிந்த வாயைப் பிடித்துக்கொள்ளும். அட்டையில் சீக்கிரம் மழுங்கும். ஆனால் உங்கள் வீட்டுக் கல்லிலேயே நாலு இழுப்பில் கூர் திரும்ப வந்துவிடும். இப்போது வைத்திருக்கும் கத்தி வாரத்துக்கு இரண்டு முறை மழுங்குகிறது என்கிறீர்களே, அதையே ஒருமுறை 15 டிகிரிக்குத் தீட்டிப் பார்த்துவிட்டு அண்ணனுக்கு எழுதுங்கள்.

கல்லுக்கு வருவோம். சாதாரணத் தீட்டுக்கல்லில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. வனேடியக் கார்பைடு அதைவிடக் கடினம். கல் எஃகைத் தேய்க்கும், கார்பைடைத் தேய்க்கத் திணறும். மணிக்கணக்கில் இழுத்தும் கூர் வராமல் 'இந்த எஃகு சரியில்லை' என்று முடிவுக்கு வருவோம். எம்390, எஸ்35விஎன், மேக்னாகட் எதுவானாலும் வைரத் தகடு வாங்கிவிடுங்கள். சொரசொரப்பு எண் 400, 1000 என்று இரண்டு பக்கம் உள்ள ஒரு தகடு போதும். நைலான் கயிறு அறுக்கும் கத்தியைக் கண்ணாடி மாதிரி தீட்ட வேண்டாம். 1000இல் நிறுத்தினால் நுண்ணிய பற்கள் மிஞ்சிக் கயிற்றைக் கவ்வும். கடைசியில், தீட்டும்போது வாயில் மடிந்து நிற்கும் மெல்லிய பிசிறை எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கை அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பு, பிறகு பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாகப் பத்து இழுப்பு. பிசிறு போகாத கத்தி ஒரு மணி நேரம் பிரமாதமாக வெட்டிவிட்டு மழுங்கும்.

சைக்கிளில் சாணை பிடிக்க வருபவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அவர் தொழிலில் குறை சொல்லவில்லை, அரிவாள்மனைக்கு அவர்தான் சரி. ஆனால் தண்ணீர் படாமல் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். இந்த வகைக் கத்திகளுக்குப் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கடைசிப் பதம் போடுவார்கள். வாய் அதைத் தாண்டிச் சூடானால் பதம் இறங்கிவிடும், சூட்டில் நீல நிறம் பாய்ந்து கண்ணுக்குத் தெரியும் முன்பே. புதுக் கத்தியின் முதல் கூர் சில நேரம் சுமாராக இருப்பதற்கும் இதுவே காரணம்: தொழிற்சாலை பெல்ட்டில் வாய் சூடாகியிருக்கும். இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகுதான் உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும்.

மேக்னாகட்டைத் தயாரித்த க்ரூசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் மனு போட்டது, அதனால் மேக்னாகட் நின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ள வேண்டாம். வாங்கிய கத்தி அதனால் கெடப்போவதில்லை.

கடலோரத்தில் அலகைவிட முதலில் துருப்பிடிப்பது திருகும், கிளிப்பும், மடங்கும் இடத்தில் இருக்கும் பேரிங்கும்தான். அவை வேறு எஃகு. அதனால் உள்ளே பித்தளை நிறத்தில் பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் இருக்கும் கத்தியாகப் பார்க்கச் சொல்லுங்கள். எஃகுக் குண்டு வைத்த பேரிங் வேண்டாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, உதறிக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். பழம் நறுக்கும் கத்தி என்பதால் அலகில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

அண்ணனிடம் ஒன்று மறக்காமல் சொல்லுங்கள்: விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொண்டால் மேக்னாகட் என்று சொல்லியெல்லாம் திரும்ப வாங்க முடியாது.