ஒற்றைக் கால் சப்பாத்து

கேள்வி: அன்ரி, எனக்கு 16 வயசு, லண்டன் குரொய்டனில இருக்கிறன். 2011 ஓகஸ்ட் 8 திங்கள் இரவு, கலவரம் நடக்கேக்க, ஃபிரெண்ட் ஒருத்தன் பிளாக்பெரி ஃபோனில மெசேஜ் அனுப்ப, லண்டன் ரோட்டுக்குப் போனன். நான் ஒண்டையும் உடைக்கேல்லை. ஃபோனில வீடியோ எடுத்தன், சிரிச்சன். உடைச்ச கடை ஒண்டுக்கு வெளிய பேவ்மெண்டில ஒரு புது சப்பாத்து கிடந்துது, எடுத்துக்கொண்டு வந்திட்டன். வலது கால் மட்டும்தான், சைஸ் 10, எனக்கு 8. கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கிறன், நித்திரை வருதில்லை. வீடியோவைத் திரும்பப் பாக்கேக்க, நான் சின்னனில இருந்து போற ஃபோன் கார்ட் அங்கிளின்ர கடையும் பின்னால உடையுது, என்ர சிரிப்பும் கேக்குது. அப்பா 83 கலவரத்துக்குப் பிறகு இங்க வந்தவர். ரீவியைப் பாத்துக்கொண்டிருந்து, 'இதுக்கே வந்தனாங்கள்' எண்டு மட்டும் சொன்னவர், அதுக்குப் பிறகு கதைக்கிறேல்லை. ஃபிரெண்ட்ஸ் பொலிஸில தான் பிழை எண்டுறாங்கள், அதுவும் எனக்குச் சரியாத்தான் படுது. நான் கெட்டவனா? அப்பாவுக்குச் சொல்லட்டா? (இங்கிலீசில வந்த கடிதம், சுருக்கித் தமிழில தந்திருக்கிறன். கடிதமும் பதிலும் 2011 ஓகஸ்டில எழுதினவை, இதில வாற சட்டமும் காசுக் கணக்கும் அந்த நேரத்தவை.)

பதில்:

தம்பி, முதல்ல சப்பாத்தைக் கதைப்பம், ஏனெண்டால் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வச்சிருக்கிறது அதுதான். அதைக் குப்பையில போடாதேங்கோ, இரவில கொண்டுபோய்க் கடை வாசலில வச்சிட்டு ஓடி வராதேங்கோ, தனியா பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போகவும் வேண்டாம். கீழ கிடந்ததை எடுத்தாலும் சட்டத்துக்கு அது களவுதான், இதை உங்களுக்கு இனிப்புத் தடவிச் சொல்ல நான் விரும்பேல்லை, ஏனெண்டால் பிரிக்ஸ்டனில ஒரு சுப்பர்மார்க்கெட்டில இருந்து 3 பவுண் 50 பென்ஸ் பெறுமதியான தண்ணிப் போத்தில் எடுத்த ஒரு மாணவனுக்கு இந்த மாசம் ஆறு மாசச் சிறை குடுத்திருக்கினம், அவருக்கு 23 வயசு, முன்னம் ஒரு வழக்கும் இல்லாதவர். நீங்கள் 16 எண்டபடியா உங்கட விசயம் யூத் கோர்ட்டுக்குத்தான் போகும், அங்க பாக்கிற பார்வையே வேற, முதல் தரம் பிழை விட்டு அதைத் தானா ஒத்துக்கொள்ளுற பிள்ளையளைத் திருத்தத்தான் பாப்பினம். எண்டாலும் இண்டைக்கு இருக்கிற சூட்டில யார் என்ன முடிவு எடுப்பினம் எண்டு நான் உறுதி தர ஏலாது. அதால ஒரு சொலிசிட்டரிட்ட, அதாவது சட்டத்தரணியிட்ட, முதல் கேளுங்கோ. சிட்டிசன்ஸ் அட்வைஸ் பீரோவில காசில்லாமல் வழி சொல்லுவினம், பொலிஸில கேள்வி கேக்கிற நேரம் சொலிசிட்டர் இலவசமாக் கிடைக்கிறது உங்கட உரிமை, உங்கட வயசுக்கு ஒரு பெரிய ஆள் பக்கத்தில இருக்கவும் வேணும். வீடியோவை ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ, பயத்தில அழிக்கவும் வேண்டாம், அதைப் பற்றியும் சொலிசிட்டரிட்டக் கேட்டிட்டுச் செய்யுங்கோ.

இதில ஒண்டையும் அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய ஏலாது. அப்ப உங்கட கடைசிக் கேள்விக்கு என்ர பதில் ஓம். எப்பிடிச் சொல்லுறது எண்டதுக்குப் பிறகு வாறன்.

இனி அந்தச் சிரிப்பு. உங்கட கடிதத்தில அந்த இடம் வந்ததும் நான் கடிதத்தை மேசையில வச்சிட்டு எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டுத்தான் திரும்பி வந்தனான். ஏன் எண்டு சொல்லுறன்.

1983 ஜூலை 25, அதுவும் ஒரு திங்கட்கிழமை. எனக்கு 15 வயசு, வெள்ளவத்தையில ஒரு ஒழுங்கையில இருந்தனாங்கள். முன் வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்கள் அஞ்சு பேரையும் தங்கட குசினிக்குள்ள ஒளிச்சு வச்சது, அவை அண்டைக்குக் கதவு திறக்காட்டி நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டன். குசினிச் சுவரில கையகலத்துக்கு ஒரு காத்தோட்ட ஓட்டை, அதுக்குள்ளால எங்கட வீட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான். கையில லிஸ்டோட வந்தவங்கள் முதல் வந்து உடைச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போட்டாங்கள், பிறகுதான் அக்கம் பக்கத்துச் சனம் வந்தது, சாமான் எடுக்க. அதுக்குள்ள ஒழுங்கை முடிவில இருக்கிற ஒரு பெடியன், என்ர அண்ணாவோட கிரிக்கெட் விளையாடுறவன், என்ர வயசுதான் இருக்கும். அப்பா தவணைக் காசு கட்டி வாங்கின மேசை ஃபேனைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வெளிய வந்தான். வயரைச் சுத்திக் கட்ட அவனுக்கு நேரம் இல்லை, அது பின்னால ரோட்டில இழுபட, பிளக் கல்லில தட்டுப்பட்டு டொக் டொக் எண்டு சத்தம். அவன் சிரிச்சுக்கொண்டு போனான் தம்பி. கோபமா, வெறியா இருந்திருந்தா எனக்கு விளங்கியிருக்கும், அவன் கோயில் திருவிழாவில கடலை வாங்கிக்கொண்டு போறவன் மாதிரிப் போனான்.

ரத்மலானை முகாமிலயும், கப்பலில காங்கேசன்துறைக்குப் போகேக்கயும், பிறகு இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசமாயும் அந்தச் சிரிப்பைத்தான் நான் நினைச்சு நினைச்சுப் பாத்திருக்கிறன், லிஸ்டோட வந்தவங்களின்ர முகம் ஒண்டுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அவன் எங்களை வெறுத்தவனா, இல்லையெண்டால் எப்பிடிச் சிரிச்சவன்? 28 வருசத்துக்குப் பிறகு உங்கட கடிதம் வந்து அதுக்குள்ள இருந்து ஒருத்தன் பேசின மாதிரி இருந்துது எனக்கு. நெருப்பு, சத்தம், நிறையச் சனம், பொலிஸ் ஒதுங்கி நிக்குது, தினமும் இருக்கிற சட்டம் எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்கு இல்லாமல் போட்டுது, அந்த நேரம் உடம்புக்குள்ள ஒரு குதூகலம் வரும், அது நல்லவனுக்கும் வரும். நீங்கள் கெட்டவன் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா தம்பி, அந்தக் குதூகலத்துக்கு அங்கால கடைக்காரன் ஒருத்தன் நிக்கிறான், ஒரு ஓட்டைக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்கிறான். அவனுக்குக் கேட்டது உங்கட சிரிப்பு. அது உங்களுக்கு உறைச்சிருக்கு, அதாலதான் நித்திரை இல்லை.

இரண்டும் ஒண்டு எண்டு நான் சொல்ல வரேல்லை, அப்பிடி நினைச்சு உங்களை நீங்களே கொல்ல வேண்டாம். ஜூலையில இனம் பாத்து, வாக்காளர் பட்டியலைக் கையில வச்சுக்கொண்டு வீடு தேடி வந்து கொலை செய்தவங்கள், அரசாங்கம் பாத்துக்கொண்டு இருந்தது, நாலாம் நாள் ரீவியில வந்து பேசின ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனா எங்களுக்காக ஒரு அனுதாப வார்த்தை சொல்லேல்லை. இங்க நடந்தது வேற. ஆனா அப்பாவின்ர கண்ணுக்கு நெருப்பு நெருப்புத்தான், உடைஞ்ச ஷட்டர் உடைஞ்ச ஷட்டர்தான். 1867இல தொடங்கின ரீவ்ஸ் தளபாடக் கடை, ரெண்டு உலக யுத்தத்துக்கும் தப்பி நிண்ட கட்டிடம், ஒரு இரவில கருகிப் போனதை அவர் ரீவியில பாக்கேக்க அவர் பாத்தது குரொய்டனை மட்டும் எண்டு நினைக்கிறீங்களோ? அந்த மௌனம் உங்களில கோபம் எண்டு நீங்கள் எடுத்திருக்கிறீங்கள். எனக்கெண்டால் அது பயம் மாதிரித்தான் தெரியுது.

இனி ஃபிரெண்ட்ஸ் சொல்லுற பொலிஸ் கதை. அதில உண்மை இருக்கு, இல்லையெண்டு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டன். ஓகஸ்ட் 4 வட லண்டன் ரொட்டன்ஹாமில பொலிஸ் சுட்டதில மார்க் டகன் எண்ட கறுப்பின இளைஞன் செத்தவர், ரெண்டு நாளுக்குப் பிறகு அவற்ற சொந்தக்காரரும் ஊர்ச் சனமும் பொலிஸ் ஸ்ரேசன் வாசலில நிண்டு ஒரு பதில் கேட்டவை, ஒழுங்கான பதில் ஒண்டு கிடைக்கேல்லை, அண்டைக்கு இரவுதான் எல்லாம் துவங்கினது. கறுப்பினப் பெடியளை ரோட்டில மறிச்சுச் சோதிக்கிறது எவ்வளவு கூட எண்டு இந்த ஊரில எல்லாருக்கும் தெரியும். உங்கட வயசுக்காரருக்கு இன்னும் இருக்கு: கொலிஜ் போற பிள்ளையளுக்கு வாரம் 30 பவுண் வரைக்கும் குடுத்த ஈ.எம்.ஏ. காசை நிப்பாட்டிட்டினம், அடுத்த வருசம், 2012இல, யூனிவர்சிட்டி ஃபீஸ் 9,000 பவுண் வரைக்கும் ஏறப் போகுது, யூத் கிளப்புகளை மூடிக்கொண்டு வருகினம். கோபப்படக் காரணம் இல்லை எண்டு யாரும் உங்களுக்குச் சொன்னா நம்பாதேங்கோ. பிரதமர் டேவிட் கமரன் இது வெறும் குற்றச்செயல் எண்டு ஒரு வரியில முடிச்சிட்டார், அதோட எனக்கு உடன்பாடு இல்லை. ஆனா அண்டைக்கு இரவு நீங்கள் சப்பாத்தைக் குனிஞ்சு எடுக்கேக்க மார்க் டகனை நினைச்சனீங்களோ? உங்கட கடிதத்தில அப்பிடி ஒரு வரி இல்லை, நீங்கள் நேர்மையா எழுதியிருக்கிறீங்கள், அதாலதான் கேக்கிறன். மற்றவன்ர கோபத்தை எங்கட களவுக்குக் காரணமா இரவல் வாங்கக் கூடாது, அது அந்தக் கோபத்துக்கும் மரியாதை இல்லை. ஃபோன் கார்ட் அங்கிள் ஒருத்தரையும் மறிச்சுச் சோதிக்கேல்லை, ஒருத்தற்ற ஃபீஸையும் கூட்டேல்லை.

இதோட எங்கட பெரியாக்களுக்கும் ஒண்டு சொல்ல வேணும், இந்தப் பக்கத்தை அவைதான் கூட வாசிக்கிறவை. ரெண்டு கிழமையா கோயிலிலயும் கல்யாண வீட்டிலயும் ஒரு இனத்தின்ர பேரைச் சொல்லி 'அவங்கள்தான்' எண்டு கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன், பாவிக்கிற சொல்லை நான் இங்க எழுத மாட்டன். கோர்ட்டுக்கு வந்தவையில பள்ளிக்கூட உதவியாளரும் இருந்தவர், யூனிவர்சிட்டிப் பிள்ளையளும் இருந்தவை, எல்லா நிறமும் இருந்தது. கோர்ட்டுக்கு வராட்டியும், எங்கட வீட்டுப் பிள்ளை ஒண்டும் அண்டைக்கு ரோட்டில நிண்டிருக்கு எண்டு இந்தக் கடிதம் சொல்லுது. ஒரு ஆள் செய்ததுக்கு ஒரு இனத்தையே குற்றவாளியாக்கினதால வீடிழந்து வந்த நாங்கள் அந்தச் சொல்லை வாயில எடுக்கலாமோ? பேர்மிங்ஹாமில தங்கட தெருவைக் காவல் காத்துக்கொண்டு நிண்ட மூண்டு பெடியள் கார் மோதிச் செத்தவை, அதில ஒரு பெடியன்ர தகப்பன் தாரிக் ஜஹான் அண்டைக்கே மைக்குக்கு முன்னால நிண்டு, எல்லாரும் அமைதியா வீட்ட போங்கோ எண்டு கேட்டவர். பிள்ளையைப் பறிகுடுத்த அந்த மனுசன்ர வாயில வராத சொல் எங்கட வாயில ஏன் வருது?

சரி தம்பி, அப்பாவிட்ட எப்பிடிச் சொல்லுறது. வீட்டில மற்ற ஆக்கள் இல்லாத நேரமாப் பாருங்கோ. ரீவியை நிப்பாட்டுங்கோ. சப்பாத்தைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால வையுங்கோ, விளக்கம் முதல் வேண்டாம், 'அப்பா, நான் அங்க நிண்டனான், இதை எடுத்தனான்' எண்டு ரெண்டு வசனம் காணும். அவர் கத்தலாம், அழலாம், எழும்பிப் போகலாம், நீங்கள் அந்த இடத்திலயே இருங்கோ. பிறகு அவருக்குக் கொஞ்சம் மனம் ஆறினதும் 83இல அவருக்கு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. '83க்குப் பிறகு வந்தவர்' எண்டு ஒரு வரியில எழுதியிருக்கிறீங்கள், அதுக்கு மேல உங்களுக்குத் தெரியாது போல இருக்கு. எங்களில கனபேர் பிள்ளையளுக்குச் சொல்லேல்லை. சொன்னா பயந்திடுங்கள் எண்டு நினைச்சம், என்ர மகளுக்கு அந்த ஃபேன் கதையை நான் இந்த மாசம்தான் சொன்னனான்.

பிறகு அங்கிளின்ர கடை. சொலிசிட்டர் சரி எண்டு சொன்ன பிறகு போங்கோ, அப்பாவோட போங்கோ. மன்னிப்புக் கேக்கிறது உங்கட பாடு, அவர் மன்னிக்கிறது அவற்ற பாடு, அதை எதிர்பாத்துக்கொண்டு போகாதேங்கோ. என்ர வாசலுக்கு அந்தப் பெடியன் ஃபேனோட வந்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது, கதவை அடிச்சுச் சாத்தியிருக்கவும் கூடும். ஆனா வந்திருக்கலாம் எண்டு இண்டைக்கும் நினைக்கிறனான்.

வெறுங்கையோட போகவும் வேண்டாம், உங்களால அவருக்கு ஆகிற வேலை ஒண்டு இருக்கு. கலவரத்தில சேதம் வந்த கடைகளுக்கு, இன்சூரன்ஸ் இல்லாட்டியும், பொலிஸ் பக்கத்தால நட்டஈடு கேக்க இந்த நாட்டில 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு (பின்குறிப்பு: 2016இல வேற சட்டம் கொண்டுவந்து இதை மாத்திட்டினம்). முதல் 14 நாள்தான் தவணை, இப்ப 42 நாளாக் கூட்டியிருக்கினம். என்ன சாமான், எத்தினை, என்ன விலை எண்டு ஒவ்வொண்டா இங்கிலீசில எழுதி, பில் இருந்தால் அதையும் சேர்த்துக் குடுக்க வேணும், எங்கட சின்னக் கடைக்காரர் கனபேருக்கு இப்பிடி ஒரு சட்டம் இருக்கிறதே தெரியாது, தெரிஞ்சாலும் படிவத்தைக் கண்டு பயந்து விட்டிடுவினம். உங்களுக்கு இங்கிலீசு தண்ணிபட்ட பாடு. ரெண்டு பின்னேரம் அவரோட இருந்து, அவர் தமிழில சொல்லச் சொல்ல எழுதிக் குடுங்கோ. ஜிசிஎஸ்ஈ ரிசல்ட் வாற கிழமை எண்டாலும் பரவாயில்லை. 42 நாள் எண்டால் செப்டம்பர் நடுப்பகுதி தாண்ட முடிஞ்சிடும், அதால அப்பாவிட்ட இண்டைக்கே கதையுங்கோ.